முகம் தேய்ந்த ஒற்றை

பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை ஆண்டவரின் கால் பெருவிரலுக்கு வர்ணம் பூசுவது பல வருஷமாக என்னுடைய வேலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் சிலுவையில் அறைந்த ஆண்டவரின் ஆள் உயரப் பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. பெரிய வெள்ளி பின்னேரம் அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பீடத்துக்கு முன்னால் சாய்த்து வைப்பார்கள். சனம் வரிசையில் வந்து, முழந்தாளிட்டு, பாதத்தை முத்தி செய்துவிட்டுப் போகும். பக்கத்தில் ஒருவர் துணியோடு நின்று துடைத்துக்கொண்டே இருப்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், கந்தோரில் எழுதுகிறவர், கைப்பிள்ளைக்காரி என்று எல்லாருடைய வாயும் படுவது அந்த ஒரு விரலில்தான். அடுத்த தவக்காலம் வரும்போது அங்கே வர்ணம் இராது, உள்ளே இருக்கும் வெள்ளைச் சாந்து தெரியும். நான் ஒரு சோசரில் வர்ணம் குழைத்துக்கொண்டு போய்ப் பூசிவிட்டு வருவேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் பிறகு வரப்போகும் மடத்தனத்தைச் செய்தவன்.

பிழைப்பு எனக்கு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்த ஒரு ஸ்டூடியோவில். படம் எடுப்பது முதலாளி, எடுத்த படத்தைத் திருத்துவது நான். கம்ப்யூட்டர் வராத காலம். நெகட்டிவில் கூர்ப் பென்சிலால் திருத்துவேன், அச்சடித்த படத்தில் மெல்லிய தூரிகையால் திருத்துவேன். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே விழுந்த கறுப்பு எல்லாம் என் மேசையில் மறையும். தூரிகையின் நுனியைக் கூராக்க வாயில் வைத்து எடுப்போம். மையைக் குழைக்கவும் எச்சில்தான், தண்ணீரைவிட அது நன்றாகப் பிடிக்கும். கலியாணமான புதிதில் இதைக் கேள்விப்பட்ட என் மனைவி, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கக் கொஞ்ச நாள் யோசித்தவள்.

அது சண்டைக் காலம். வடக்கிலிருந்து வந்த சனம் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் ஃபிளாட்டுகளிலும் லொட்ஜுகளிலும் நிரம்பியிருந்தது. முக்கால்வாசிப் பேர் எங்கேயோ போகக் காத்திருந்தார்கள். விசாவுக்குக் காது தெரிகிற மாதிரி ஒரு படம், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பக் காது தெரியாத மாதிரி ஒரு படம். எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. சனத்தின் கஷ்டத்தில் எங்கள் அடுப்பு எரிகிறதே என்று எனக்குச் சில நாட்களில் வெட்கமாகவும் இருக்கும்.

இன்னொரு வகைப் படமும் வரும். குடும்பமாக நின்று எடுத்த படத்தில் ஒரு தலை மட்டும் இராது. இயக்கத்துக்குப் போன பிள்ளையின் படம் வீட்டில் இருந்தால் தேடுதலின்போது மிச்சம் இருப்பவர்களுக்குக் கரைச்சல். ஆகவே பெற்றவர்களே அந்த முகத்தை வெட்டிவிடுவார்கள், அல்லது சுரண்டிவிடுவார்கள். பிறகு என்னிடம் கொண்டுவந்து, "இந்த இடத்தில ஒரு பூச்சாடி வச்சுத் தர ஏலுமோ" என்று கேட்பார்கள். பூச்சாடி வைத்துக் கொடுத்திருக்கிறேன், திரைச்சீலை வைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருமுறை ஒரு தூணே வைத்தேன். ஏன் என்று நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ரீச்சர் வந்தது ஒரு தவக்காலத்தின் நடுவில். யாழ்ப்பாணத்தில் பூமிசாஸ்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், புருஷன் காலமாகி, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்தார். மெலிந்த உருவம், நெற்றியில் திருநீறு, கையில் குடை. வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரித்தான் கதைப்பார். சேலைத் துண்டில் சுற்றிய ஒரு சின்னச் சட்டத்தைக் கண்ணாடி மேசையில் வைத்தார். சட்டத்தின் பின்பக்கம் ஆணி பிடுங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு ஒற்றையை, பழைய புத்தகத்தின் ஏடு ஒன்றை, மெல்ல வெளியே எடுத்தார்.

அது காகிதம் இல்லை. கன்றுக்குட்டித் தோலை மெலிசாகச் சீவிப் பதப்படுத்தியது என்று அவர்தான் சொன்னார். விரித்த கையளவு இருக்கும். ஓரம் முழுக்கக் கொடி ஓடியது. கொடியில் நீலப் பூக்கள், நுவரெலியாவில் விற்கிற ஸ்ட்ரோபெரிப் பழங்கள், ஒரு மூலையில் ஒரு நத்தை. இடையிடையே பொன். பொன் வர்ணம் இல்லை, தகடாக அடித்து ஒட்டின அசல் பொன். ஒற்றையைச் சற்றுச் சாய்த்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் ஓடிப்போகும். நடுவில் ஒரு சின்ன அறை. இடப்பக்கம் சிறகு விரித்த சம்மனசு முழந்தாளிட்டிருந்தார். வலப்பக்கம் நீல அங்கியோடு மாதா, முன்னால் விரித்த புத்தகம். கீழே நான்கைந்து வரி லத்தீன் எழுத்து. சம்மனசின் கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம், அவ்வளவு நுணுக்கம். மாதாவுக்கு முகம் இல்லை. நகத்தளவு இடத்தில் சாம்பலும் ரோசும் கலந்த ஒரு மங்கல் மட்டும் இருந்தது. ஒரு புருவத்தின் நுனி மிஞ்சியிருந்தது.

"அந்தக் காலத்துச் செபப் புத்தகத்தின்ர ஒற்றை தம்பி" என்றார் ரீச்சர். "அச்சு இல்லாத காலம். வசதியான பொம்பிளையள் கையால எழுதுவிச்சு, படம் கீறுவிச்சு வச்சிருப்பினமாம். பிறகு ஆரோ புத்தகத்தைப் பிரிச்சு ஒற்றை ஒற்றையா வித்துப்போட்டினம். இவர் கப்பல்ல வயர்லெஸ் ஒஃபிசரா இருக்கேக்க ஒரு துறைமுகத்தில பழைய புத்தகக் கடையில ஒண்டை வாங்கினவர். மிச்சம் எந்தெந்த நாட்டில கிடக்கோ."

"நல்ல சாமான் ரீச்சர்" என்றேன்.

"முகம் வேணும். இந்த மாசக் கடைசியில கனடாவுக்கு மகளிட்டப் போறன். முகம் இல்லாமல் இதைக் கொண்டு போகேலாது."

சைவக்காரர் பின்னமான சாமிப் படத்தை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். அதுதான் காரணமாக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "அதில்லை" என்று சொல்லி, கைப்பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து வைத்தார்.

பெரிய குடும்பப் படம், முகங்கள் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குத்தியளவு வரும். கதிரைகளில் ரீச்சரும் புருஷனும். ரீச்சருக்குப் பின்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண்பிள்ளை. அவருடைய புருஷனுக்குப் பின்னால் வெள்ளைச் சேர்ட்டோடு ஒரு பையன். சேர்ட்டின் கொலருக்கு மேலே முகம் இல்லை. கடதாசியின் நார் கிளம்பும் வரைக்கும் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சுரண்டியிருந்தது.

"தேடுதல் வருகுது எண்டு பக்கத்து வீட்டில வந்து சொல்லிச்சினம். அவன்ர மற்றப் படங்கள் எல்லாத்தையும் அடுப்பில போட்டிட்டன். இதில இவரும் இருக்கிறார், மகளும் இருக்கிறாள், எரிக்க மனம் வரேல்லை. இவர் சவரம் செய்யிற பிளேட்டை எடுத்து நான்தான் சுரண்டினனான். கெதியில வந்திடுவான், வந்தாப்போல வேற படம் எடுக்கலாம் எண்டு நினைச்சன்." ஒரு கணக்கைச் செய்து காட்டுகிற குரலில்தான் சொன்னார். "அவன் வரேல்லை. இனி அவன்ர முகம் ஒரு இடத்திலயும் இல்லை."

ரீச்சர் தோல் ஒற்றையைத் தன் பக்கம் இழுத்து, மாதாவின் மங்கலுக்கு நேரே விரலை வைத்தார், தொடவில்லை.

"அந்த வீட்டிலயும் சோதனை வந்திருக்கும் தம்பி. ஆரோ ஒரு தாய் அவதி அவதியா அழிச்சிருக்கிறாள். எத்தினை வருஷமா எங்கட சுவரில கிடந்தது, ஒருநாளும் எனக்கு இது தெரியேல்லை. பிளேட் எடுத்த அண்டையிலயிருந்து இதைப் பார்க்கேலாமல் கிடக்கு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முகம் அழிந்த படத்தைக் கண்டால் வேறு காரணம் யோசிக்கிற ஆட்களாக நாங்கள் அப்போது இருக்கவில்லை. "குடும்பப் படத்திலயும் முயற்சி செய்து பார்க்கட்டோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"எப்பிடிப் போடுவீங்கள்? உங்களுக்கு அவனைத் தெரியாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "எனக்கே இப்ப மூக்குச் சரியா வருகுதில்லை. இதை விடுங்கோ. அதில போடுங்கோ. ஒரு முகமாவது திரும்பி வரட்டும், நான் நிம்மதியாப் பிளேன் ஏறுவன்."

பெண்பிள்ளையைக் காட்டி, "இவளிட்டத்தான் போறீங்களோ?" என்றேன், பேச்சை மாற்ற.

"ஓம். இவள் கெட்டிக்காரி. இவளைப் பற்றி எனக்கு ஒருநாளும் யோசினை இருந்ததில்லை."

குடும்பப் படத்தைத் திரும்பக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தோல் ஒற்றை என் மேசையில் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. அசலில் கை வைக்குமுன் அதைப் படம் எடுத்து நெகட்டிவ் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிதாக அச்சடித்து, அதில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் அசலுக்குப் போகலாம். ஒற்றையைப் பலகையில் வைத்து இரண்டு பெரிய விளக்குகளையும் போட்டேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை, சூட்டில் ஒற்றை அசையத் தொடங்கியது. நான்கு மூலையும் மெல்ல எழும்பி உள்ளே வளைந்தன. ஐந்நூறு வருஷத்துத் தோல் என் கண் முன்னால் அப்பளமாகப் பார்க்கிறது. விளக்கை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே படுத்துக்கொண்டது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன்.

ஒரு கிழமை அச்சுப்படத்தில் பழகினேன். அடுத்த கிழமை அசலில் முகத்தை வைத்தேன். என் கையைப் பற்றி எனக்கு அந்தக் காலத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒளிப்பானேன். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன். மூக்கு நேராக, உதட்டில் மெல்லிய சிவப்பு. முடிந்ததும் அதையும் படம் எடுத்தேன். திருத்துமுன் ஒன்று, திருத்தின பின் ஒன்று, இரண்டு அச்சையும் கவரில் போட்டு மனைவிக்குக் காட்ட எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செக் பொயின்டில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். கவரைத் திறந்த ஆமிக்காரர் முதல் படத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூண கோ?" என்றார். முகம் எங்கே என்று கேட்கிறார். இரண்டாவதை எடுத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிடித்து, "ஷோக்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான், நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவி படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது மாதாவா, கனடா மாப்பிள்ளைக்கு அனுப்பப் போற பொம்பிளையா?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் பார்த்தபோது அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பத்து வருஷம் நான் திருத்தின மணப்பெண்களின் முகம் எல்லாம் சேர்ந்து அந்த நகத்தளவு இடத்தில் உட்கார்ந்திருந்தது. "உனக்கு ஒண்டும் விளங்காது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் போன பிறகு, கால்விரலுக்கு வர்ணம் பூசப் போனேன். மனைவி சோசரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பெருவிரல் நுனியில் வெள்ளைச் சாந்து தெரிந்தது. அதைச் சுற்றி வர்ணம் வெட்டுப்படாமல், கோடு இல்லாமல், மெல்ல மெல்ல மங்கிப்போயிருந்தது.

"நாங்க கொஞ்சி அழிக்கிறது, நீங்க பூசுறது" என்றாள். "ஒரு வருஷம் பூசாம விட்டா என்ன? சனம் இவ்வளவு பேர் வந்தாங்க எண்டு அவருக்காவது தெரியட்டுமே."

தூரிகை என் கையில் நின்றுவிட்டது. அந்த மங்கலை நான் இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். அதே ரோசும் சாம்பலும், அதே கோடில்லாத ஓரம்.

வீட்டுக்கு வந்து, திருத்துமுன் எடுத்த அச்சை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். பிளேட் போன இடத்தில் கோடு இருக்கும், அது எனக்குத் தெரியாததா, நெகட்டிவில் நானே பிளேட்டால் சுரண்டுகிறவன். இங்கே ஒரு கோடு இல்லை. தேய்வு முகத்தோடு நிற்கவில்லை, தலையைச் சுற்றியிருந்த பொன்னிலும் பரவியிருந்தது. பொன் உதிர்ந்து அடியில் இருந்த செம்மண் நிறம் தெரிந்தது. கீழே, நீல அங்கியின் ஓரத்திலும் தனியாக ஒரு சின்னத் தேய்வு. ஒற்றையின் வலது கீழ் மூலையில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. புத்தகத்தை வாய்க்கு நேரே தூக்கும்போது விரல் பிடிக்கிற இடம் அது. எந்த நாட்டுப் பெண்ணோ, தினமும் செபம் சொல்லி, அங்கியில் வாய் வைத்துக் கொஞ்சி, முகத்தைக் கொஞ்சிப் புத்தகத்தை மூடியிருக்கிறாள். நான் அதற்கு மேலே உதட்டுச் சிவப்புப் பூசியிருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. பயமும் இருந்தது. ரீச்சர் கேட்டது ஒரு முகம். அதை நான் கொடுத்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் நிம்மதியாகப் பிளேன் ஏறுவார். சொன்னால், அந்த நிம்மதியை நானே பிடுங்கின மாதிரி. அன்று முழுவதும் இரண்டு பக்கமும் யோசித்தேன். மனைவியிடம் கேட்டதற்கு, "உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்று என் வாயால் வந்ததையே எனக்குத் திருப்பித் தந்துவிட்டு, பிறகு சொன்னாள், "சொல்லுங்க. அந்தம்மா அதை வேற மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்காவே."

திங்கட்கிழமை ரீச்சர் வந்தார். ஒற்றையை எடுத்து முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருடைய தோள் இரண்டும் இறங்கினதை நான் கண்டேன். "வந்திட்டுது" என்றார், மெல்ல. இவ்வளவு மெல்ல அவர் கதைத்து நான் கேட்டதில்லை. அந்த நிமிஷம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது.

சொன்னேன். பழைய அச்சை வைத்து, உருப்பெருக்கியைக் கொடுத்து, ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். கோயில் சுரூபத்தின் விரலைப் பற்றியும் சொன்னேன்.

"இதை ஒருத்தரும் பயந்து அழிக்கேல்லை ரீச்சர். இது கொஞ்சினது. இஞ்ச அங்கியில ஒண்டு, இஞ்ச முகத்தில ஒண்டு. வேற வேறயா ரெண்டு இடத்தில கொஞ்சியிருக்கிறா. நான்தான் பழுதெண்டு நினைச்சு மேல பூசிப்போட்டன். என்ர பிழை."

ரீச்சர் உருப்பெருக்கியை வைக்கவே இல்லை. அந்தப் பழுப்புக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வருஷம் கொஞ்சினால் இப்பிடி வரும்?" என்று கேட்டார்.

"எங்கட கோயில்ல முழுச் சனமும் கொஞ்சி ஒரு வருஷத்தில விரல் தேயுது. ஒரு ஆள் தனிய எண்டால் சீவியகாலம் போகும் ரீச்சர்."

"ம்" என்றார். பிறகு என் மாதாவைப் பார்த்தார். "நீங்கள் போட்ட முகம் நல்ல வடிவுதான் தம்பி. எடுத்துவிடுங்கோ."

வர்ணம் காய்ந்து சில நாள்தான், தோலுக்குள் ஊறியிருக்கவில்லை. குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தேன். முதலில் உதட்டுச் சிவப்பு வந்தது, பிறகு கன்னம், பிறகு நான் தாழ்த்தி வைத்த கண். ரீச்சர் எதிரே உட்கார்ந்து பரீட்சை மண்டபத்தில் காவல் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மங்கல் தெரியத் தொடங்கினதும் நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் வாய் பட்ட இடத்தில் என் எச்சிலும் பட்டுவிட்டதே என்று ஒரு கூச்சம் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஒற்றையை விரலால்கூடத் தொட எனக்கு மனம் வரவில்லை. ரீச்சரே எடுத்துச் சட்டத்துக்குள் வைத்தார். கைப்பையிலிருந்த குடும்பப் படத்தையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து அதே சேலைத் துண்டில் சுற்றிக்கொண்டார். நிம்மதியாகப் போனாரா, நான் அவர் மனத்தைப் புண்ணாக்கினேனா என்று எனக்குத் தெரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிப் போனார். மாதக் கடைசியில் கனடாவுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பல வருஷம் போனது, சண்டை ஓயவில்லை. ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நானும் மௌஸ் பிடிக்கப் பழகிக்கொண்டேன். நுனியைக் கூராக்க இனி வாய் தேவையில்லை என்று மனைவிக்குத்தான் பெரிய சந்தோஷம்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் வந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று சப்பாத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரீச்சரின் மகள் என்று சொன்னார். ரீச்சர் போன மாரியில் காலமாகிவிட்டாராம். தோல் ஒற்றை அங்கே ஹோலில் தொங்குகிறதாம், பிள்ளைகள் நத்தையைத் தேடி விளையாடுவார்களாம்.

"அம்மா உங்களைப் பற்றிச் சொன்னவ" என்று சொல்லிக் கவரைத் திறந்தார். "எங்கட குடும்பத்தில மிஞ்சின ஒரே படம் இதுதான். அம்மா தன்ர அறையில, சட்டமில்லாமல், கட்டிலுக்குப் பக்கத்திலயே வச்சிருந்தவ. ஈரத்தில பூஞ்சணம் பிடிச்சிட்டுதுபோல. இப்ப கம்ப்யூட்டரில என்னெண்டாலும் செய்யலாம் எண்டினம். திருத்த ஏலுமோ?"

அதே குடும்பப் படம். கதிரைகளும், ரீச்சரும், ரீச்சரின் புருஷனும் அப்படியே இருந்தார்கள். பையனின் கொலருக்கு மேலே பிளேட் கீறின இடத்தைத் தேடினேன். கீறல் இல்லை. கிளம்பி நின்ற நார்கள் எல்லாம் படிந்து, வழவழவென்று, ஓரம் கோடில்லாமல் மங்கிப்போயிருந்தது. படத்தின் வலது கீழ் மூலையில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை.

என் கண் நிறைந்துவிட்டது. மறைக்க முயலவில்லை.

"இது பூஞ்சணம் இல்லை, தங்கச்சி" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கால்விரலில் தொடங்கி.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணாவைக் கொஞ்சினதோ?" என்றார். "அம்மாவோ? எனக்கு நம்பேலாமல் கிடக்கு. அவ எங்களை ஒருநாளும் கொஞ்சினதில்லை. ரீச்சரெல்லோ. நல்ல மார்க்ஸ் வாங்கினால் தலையில ஒருக்காக் கை வைப்பா, அவ்வளவுதான். கனடாவுக்கு வந்தும் அண்ணாவின்ர கதைதான். நான் பக்கத்தில இருக்கிறது தெரியாத மாதிரி." படத்தைத் தன் பக்கம் திருப்பினார். ரீச்சருக்குப் பின்னால் நின்ற இரட்டைப் பின்னல்காரியின் முகத்திலும் கண்ணும் மூக்கும் மங்கிக் கிடந்தன. "பாருங்கோ, என்ர முகமும் போயிட்டுது. அண்ணாவைக் கொஞ்சேக்க பட்டிருக்கும்."

ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். உருப்பெருக்கியை எடுத்து, ஜன்னல் பக்கம் போய், பையனின் தேய்விலிருந்து பெண்பிள்ளையின் தேய்வு வரைக்கும் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை. இரண்டு முகத்துக்கும் நடுவில் பழைய ஸ்டூடியோத் திரைச்சீலை, ஒரு விரல் அகலத்துக்கு. அதன் மடிப்பு, மடிப்பின் நிழல், எல்லாம் எடுத்த அன்று இருந்த மாதிரியே இருந்தன.

"இல்லை தங்கச்சி" என்றேன். "இஞ்ச பாருங்கோ. தவறிப் பட்டிருந்தால் இந்தத் திரைச்சீலைதான் முதல்ல போயிருக்கும். அது அப்பிடியே இருக்கு. உங்களை வேறயாக் கொஞ்சியிருக்கிறா."

உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தேன். அவர் மேசையில் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நான் முதலாளியின் கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டேன்.